கண்டற்காடும் காட்சிப்படகும்: அலையாத்திக் காடுகளில் காப்புவழிச் சூழல் சுற்றுலா – ஒரு வரலாற்று நோக்கு

இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ ஐயாயிரம் சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பில் அலையாத்திக் காடுகள் பரவியுள்ளன. 1987இல் வெளியான வன நிலை அறிக்கை 4,046 சதுரக் கிலோமீட்டர் எனவும், 2021ஆம் ஆண்டு அறிக்கை 4,992 சதுரக் கிலோமீட்டர் எனவும் இவற்றின் பரப்பைக் கணக்கிட்டன. தமிழ்நாட்டின் பங்கு இவற்றுள் மிகச் சிறிது. 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி 45 சதுரக் கிலோமீட்டர் மட்டுமே. எனினும் இக்காடுகளைக் காத்துக்கொண்டே மக்களுக்குக் காட்டுவது எவ்வாறு என்னும் வினாவை ஆராய்வதற்குத் தமிழகக் கடற்கரையில், குறிப்பாகப் பிச்சாவரத்தில், கிடைக்கும் சான்றுகள் வளமானவை. காடு அழிந்த காரணமும் அது மீண்ட முறையும் அங்குத் தெளிவாக ஆராயப்பட்டுள்ளமையே அதற்குக் காரணம். சூழல் சுற்றுலாத் திட்டங்கள் பெரும்பாலும் படகுத்துறையிலிருந்தே தொடங்குகின்றன. காட்டின் வரலாற்றிலிருந்து தொடங்கினால் திட்டத்தின் வடிவமே வேறாகும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பெயர்கள் தரும் சான்று

மாங்குரோவ் என இன்று பொதுவாக வழங்கும் காட்டிற்குத் தமிழில் பெயர்கள் பல. அலையை ஆற்றுவது என்னும் பொருளில் அலையாத்தி என்பது எழுத்து வழக்கில் நிலைத்துவிட்டது. பிச்சாவரம் பகுதி மக்கள் சுரபுன்னைக் காடு என்கின்றனர். நெய்தல் திணைப் பாடல்களில் பயிலும் பழஞ்சொல் கண்டல். கழிக்கரையில் வளர்ந்து சிற்றூருக்கு வேலியாய் அமையும் மரமாக நற்றிணை முதலான தொகை நூல்கள் அதனைக் காட்டுகின்றன. காட்டையும் ஊரையும் பகையாக நிறுத்தாது, ஒன்றை மற்றொன்றின் எல்லையாகவும் காப்பாகவும் கண்ட பார்வை அது. தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் கண்டல் என்னும் சொல் பெரிதும் மங்கிவிட்டது. மலையாளத்திலோ அலையாத்திக் காட்டைக் குறிக்கும் பொதுச்சொல்லாக இன்றும் அதுவே வாழ்கிறது. ஈழத் தமிழிலும் கண்டல் வழக்கில் உள்ளது.

தில்லை என்னும் பெயர் இதனினும் நெருங்கிய தொடர்புடையது. சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லை, அலையாத்திக் குடும்பங்களோடு சேர்ந்து வளரும் மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு நேரும் என்பதைக் கடற்கரை மக்கள் நன்கறிவர். கோயில் நகரைச் சுற்றி இன்று தில்லை மரக்காடு இல்லை. கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிச்சாவரக் கழிகளில் அம்மரம் வளர்கிறது. பிச்சாவரமே பழைய தில்லைவனத்தின் எச்சம் என்னும் மரபுவழிக் கருத்தை மண்ணியல் சான்றின்றி வரலாறாக ஏற்பதற்கில்லை. ஆயினும் ஒரு கோயில் நகரின் பெயர் உவர்நிலத்து மரமொன்றிலிருந்து வந்தது என்னும் செய்தி ஐயத்திற்கு இடமற்றது. படகுத்துறைக்கு வரும் பயணியரிடம் இதனை எடுத்துரைப்பார் அரியர். ஊடகச் செய்திகளில் 'இதயக்கனி' (1975) படப்பிடிப்பு நடந்த இடம் என்பதே பிச்சாவரத்தின் முதன்மை அடையாளமாக நிற்கிறது.

சத்திரமும் கூப்பும்

பிச்சாவரத்திற்குத் தெற்கே, காவிரிப் படுகையின் மறுகோடியில் உள்ள முத்துப்பேட்டைக் காட்டின் வரலாறு வேறு வகையில் கவனத்திற்குரியது. தஞ்சை மராட்டியர், இராமேசுவரம் செல்லும் வழிப்போக்கர் பொருட்டுச் சத்திரங்களை அமைத்து அவற்றிற்கு மானியங்களும் விட்டிருந்தனர். முத்துப்பேட்டைக் கழிக்காட்டின் ஒரு பகுதி இச்சத்திர நிருவாகத்தின் பொறுப்பில் இருந்ததை 1853 முதல் 1912 வரையிலான பதிவுகள் காட்டுகின்றன. அறச்சாலையின் உடைமையாக ஒரு கடற்கரைக் காடு இருந்தது என்பது, இந்திய வன வரலாற்றை எழுதியோர் போதிய அளவு பொருட்படுத்தாத செய்தி. சத்திரத்து அடுப்பின் விறகுத் தேவைக்கும் இதற்கும் தொடர்பிருந்ததாகக் கருத இடமுண்டு. 1937இல் இக்காடு வனத்துறையின் பொறுப்பிற்கு மாறியது.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் மாகாணத்துக் காடுகளைக் காப்புக்காடுகளாக அறிவிக்க வழிவகுத்தது. காப்பு என்னும் சொல் இங்கு இன்றைய பொருளில் ஆளப்படவில்லை. அரசின் பயன்பாட்டிற்கென ஒதுக்கி வைத்தல் என்பதே அதன் உட்பொருள். காடு பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது; குறிப்பிட்ட ஆண்டுச் சுழற்சியில் ஒவ்வொரு பகுதியும் ஏலத்திற்கு விடப்பட்டு அடியோடு வெட்டப்பட்டது. இப்பகுதிகளைக் கூப்பு என்பர். வெட்டிய கூப்பு தானே தழைத்துவிடும் என்பது வனத்துறையின் எதிர்பார்ப்பு. மலைக்காட்டிலும் தேக்குக்காட்டிலும் பெற்ற பட்டறிவு, ஓதம் ஏறி வற்றும் சேற்றுநிலத்திற்கு அப்படியே கொணரப்பட்டது. முத்துப்பேட்டைப் பகுதியில் தாமரங்கோட்டை, மறவக்காடு, துறைக்காடு முதலிய இடங்களிலும் இம்முறை நடப்பில் இருந்தது. பிச்சாவரத்தில் 1970கள் வரை இது தொடர்ந்தது.

எதிர்பார்த்தவாறு காடு தழைக்கவில்லை. பிச்சாவரத்தில் கடல் ஓதத்தின் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு; பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு உட்பட்டதே. மரநிழல் நீங்கியதும் சேறு வெயிலில் காய்ந்தது. அதன் ஈரம் வற்றியது. நிலம் தாழ்ந்து நடுவில் தொட்டி போலக் குழிந்தது. பெருவெள்ள நாளில் அத்தொட்டிக்குள் புகுந்த உவர்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாயிற்று. எஞ்சிய உப்பு ஆண்டுதோறும் மிகுந்தது. கடல்நீரைத் தாங்கும் மரங்களும் அவ்வளவு உப்பைத் தாங்கவில்லை. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டதற்குப் பின்னர்க் கொள்ளிடத்தின் வழியே வரும் நன்னீர் குறைந்தமையும் இத்துடன் சேர்ந்துகொண்டது.

இந்த விளக்கம் எளிதில் கிடைத்ததன்று. காடு அழிவதற்கு விறகு பொறுக்கும் ஏழை மக்களும் மேயும் மாடுகளுமே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பிச்சாவரத்தில் மேற்கொண்ட ஆய்வுகளே முதன்மைக் காரணத்தைக் கூப்பு முறையின் மேல் வைத்தன. குற்றம் யாருடையது என்னும் தெளிவு இங்கு வெறும் வரலாற்று நேர்மை பற்றியதன்று. மக்களே அழித்தனர் என்றால் தீர்வு மக்களை வெளியேற்றுவது. மேலாண்மை முறையே அழித்தது என்றால் தீர்வு அம்முறையைத் திருத்துவது. பின்னாளில் வந்த சூழல் சுற்றுலாத் திட்டங்கள் பலவும் முதற்கருத்தை உள்ளூர ஏற்றுக்கொண்டே எழுதப்பட்டன என்பது வருந்தத்தக்கது.

மீன்முள் வாய்க்கால்

நோயின் முதல் தெரிந்தபின் மருந்து எளிதாயிற்று. இயற்கையான ஓடையிலிருந்து தொட்டி நிலத்தின் குறுக்கே ஒரு பெருவாய்க்கால் வெட்டப்பட்டது. அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. மேலிருந்து நோக்கின் மீன்முள் போலத் தோன்றும் அமைப்பு இது. ஓதநீர் நாள்தோறும் ஏறி வற்றியதால் மண்ணின் உப்பு கழுவப்பட்டது. அதன்பின் வெண்கண்டல் இனமும் வாய்க்கால் ஓரங்களில் சுரபுன்னை இனமும் நடப்பட்டன. வாய்க்கால் வெட்டுதல், நடுதல், காவல் ஆகியவற்றில் சுற்றுப்புறச் சிற்றூர் மக்களும் வனத்துறையும் கூட்டாகப் பங்கேற்றனர். 1986ஆம் ஆண்டுச் செயற்கைக்கோள் படத்தையும் 2002ஆம் ஆண்டுப் படத்தையும் ஒப்பிட்ட வி. செல்வம் முதலியோரின் ஆய்வு, காட்டுப் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியதாகத் தெரிவிக்கிறது. இந்தியாவின் பிற கடற்கரை மாநிலங்களும் பின்னர் இம்முறையை மேற்கொண்டன.

இக்காட்டின் மற்றொரு பயனாளியர் இருளர். படகும் வலையும் இல்லாத இம்மக்கள் ஆழமற்ற ஓடைகளில் கழுத்தளவு நீரில் அமர்ந்து, கைகளால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்கள். ஓலைப் பறியைப் பல்லால் கடித்துத் தாங்கிக்கொண்டு பிடித்ததை அதில் இடுவர். ஓதம் எப்போது வற்றும், எந்த ஓடையில் எப்பருவத்தில் இறால் ஒதுங்கும் என்னும் அறிவு இவர்களிடம் நுட்பமாக உள்ளது. எந்தச் சுற்றுலா வழிகாட்டி ஏட்டிலும் இவ்வறிவு இடம்பெறுவதில்லை. இவர்கள் இறால் தடவும் ஓடையும் பயணியர் படகு செல்ல விரும்பும் ஓடையும் பல இடங்களில் ஒன்றே என்பதும் கருதத்தக்கது.

பயணி காணும் காடு

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை பிச்சாவரத்தை நாடறியச் செய்தது. துடுப்புப் படகில் குறுகிய ஓடைகளுக்குள் நுழைந்து, தலைக்குமேல் கவிந்த கிளைகளுக்கும் நீரில் ஊன்றிய தாங்குவேர்களுக்கும் இடையே செல்வதே இப்பயணத்தின் சிறப்பு. இத்தாங்குவேர்கள் சுரபுன்னை இனத்தைச் சேர்ந்தவை. இவ்வினத்துள் ஒன்று, இரு சிற்றினங்கள் இயற்கையில் கலந்து தோன்றியது. அருகிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நினைவாக 1995இல் க. கதிரேசன் அதற்கு 'அண்ணாமலையானா' எனப் பெயரிட்டார்.

சுரபுன்னை ஓடைக்கரையை ஒட்டிய ஒடுங்கிய பட்டையாகவே வளர்கிறது. அதன் பின்புறத்தில் மூச்சுவேர்களை நிறுத்தி வளரும் வெண்கண்டல் காடும், அதற்கும் அப்பால் கூப்பு வெட்டினால் பாழ்பட்ட தொட்டி நிலமும் இருந்தன. படகிலிருந்து நோக்கும் பயணிக்குத் தெரிந்தது முன்திரையாகிய சுரபுன்னை மட்டுமே. காட்டின் உட்பகுதி வெறிச்சோடிக் கிடந்த ஆண்டுகளிலும் பயணியர் அடர்வனத்தைக் கண்ட மகிழ்ச்சியுடன் திரும்பியிருப்பர். காட்சியின் நலத்தைக் கொண்டு காட்டின் நலத்தை அளத்தல் இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வருவோர் தொகையையும் வருவாயையும் அளவுகோலாகக் கொண்டு சூழல் சுற்றுலாவின் வெற்றியை மதிப்பிடும் அறிக்கைகள் முன்திரையையே அளக்கின்றன.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை, அலையாத்தி என்னும் சொல்லுக்குத் தமிழகம் முழுவதும் புதிய பொருளைத் தந்தது. காட்டிற்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டுக் குடியிருப்புகள் பெருஞ்சேதமுற்றன. காட்டின் பின்புறத்துச் சிற்றூர்கள் பெரிதும் தப்பின. ஃபின் டேனியல்சன் முதலியோர் கடலூர் மாவட்டத்துச் சான்றுகளைக் கொண்டு 2005இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினர். அதே ஆண்டில் கதிரேசனும் ராஜேந்திரனும் 18 குடியிருப்புகளை ஒப்பிட்டுக் காட்டின் காப்பை வலியுறுத்தினர். அடுத்த ஆண்டே கெர், பெயர்ட், கேம்பெல் ஆகியோர் அத்தரவுகளை மறுபரிசீலனை செய்து, நிலத்தின் உயரமும் கடலிலிருந்து உள்ள தொலைவுமே வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்குகின்றன என்று மறுத்தனர். புயலலைக்கு எதிரான காப்பு இதனினும் உறுதியாக நிறுவப்பட்டுள்ளது: 1999ஆம் ஆண்டு ஒடிசாப் பெரும்புயலில் கேந்திரபாடா மாவட்டத்துச் சிற்றூர்களை ஆராய்ந்த சௌதாமினி தாஸ், ஜெஃப்ரி வின்சென்ட் ஆகியோர், அலையாத்திப் பட்டை அகன்றிருந்த இடங்களில் உயிரிழப்புக் குறைந்தது என 2009இல் காட்டினர். ஆழிப்பேரலைக்குப் பின்னர்ப் பயணியரிடம் சொல்லப்படும் பிச்சாவரக் கதையில் இவ்விவாதத்திற்கு இடமில்லை. காடு தெய்வம் போல ஊரைக் காத்தது என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. கல்வி சார்ந்த சுற்றுலா எனப் பெயர் பெறுவது, அறிவியலின் ஐயத்தையும் உடன் சொல்வதற்குக் கடமைப்பட்டது.

சுந்தரவனமும் பித்தர்கனிகாவும் கண்ணூரும்

சுந்தரவனத்தின் வரலாறு இப்பொருளின் கொடிய பக்கத்தைக் காட்டுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அக்காட்டைத் திருத்தி வயலாக்கக் குத்தகைக்கு விட்டது. 1829–30இல் டாம்பியர், ஹாட்ஜஸ் ஆகியோர் வகுத்த எல்லைக்கோடு இன்றும் சுந்தரவனத்தின் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. 1870களில் எஞ்சிய காடு வனத்துறையின் கீழ் வந்தது. 1973இல் புலிகள் காப்பகம், 1984இல் தேசியப் பூங்கா, 1987இல் உலக மரபுச் சின்னம் என அதன் தகுதி உயர்ந்தது. இதற்கிடையே 1978இல் தண்டகாரணிய முகாம்களிலிருந்து திரும்பிய வங்க அகதிகள் மரிச்ஜாப்பித் தீவில் குடியேறினர். காப்புக்காட்டில் குடியேறியதாகக் கூறி 1979 சனவரியில் தீவு முற்றுகையிடப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் மக்கள் அகற்றப்பட்டனர். உயிரிழந்தோர் எண்ணிக்கை குறித்த கருத்து வேறுபாடு இன்றும் தீரவில்லை. புலியைக் காப்பதற்காகத் தாங்கள் பலியிடப்பட்டோம் என்னும் உணர்வு தீவு மக்களிடையே நிலைத்திருப்பதை மானிடவியலர் அன்னு ஜலாயிஸ் 2005இல் விரிவாக எழுதினார்.

இவ்வுணர்வின் பின்னணியில் நோக்கும்போதுதான் 2000களின் தொடக்கத்தில் எழுந்த எதிர்ப்பின் சினம் விளங்கும். மிதக்கும் விடுதிகளுடன் பெருஞ்சுற்றுலாத் திட்டமொன்றைத் தனியார் நிறுவனமொன்று சுந்தரவனத்திற்கென முன்வைத்தது; அதுவும் சூழல் சுற்றுலா என்றே பெயரிடப்பட்டிருந்தது. அகதிகளை அகற்றிய அதே காட்டில் செல்வருக்கு விடுதியா என்னும் வினாவை எழுத்தாளர் அமிதவ் கோஷ் 2004இல் கட்டுரையாக எழுப்பினார். திட்டம் நிறைவேறவில்லை.

ஒடிசாவின் பித்தர்கனிகா கனிகா அரச குடும்பத்தின் வேட்டைக்காடாக இருந்து, சமீன் ஒழிப்பிற்குப் பின் 1952இல் அரசிடம் வந்தது. அரசர் வேட்டைக்கெனக் கட்டிய கோபுரம் இன்று பயணியருக்குக் காட்டப்படும் இடங்களுள் ஒன்று. 1975இல் சரணாலயமாகவும் 1998இல் தேசியப் பூங்காவாகவும் ஆன இக்காட்டில், டாங்மாலில் தொடங்கிய உவர்நீர் முதலைத் திட்டம் பெருவெற்றி கண்டது. முதலைகள் பெருகியமையால் கரையோர மக்கள் ஆற்றில் இறங்க அஞ்சும் நிலையும் உருவாயிற்று. பயணியர் காண விரும்பும் விலங்கே குடிமக்களின் அச்சமாகவும் இருக்கும் முரணைத் திட்ட ஏடுகள் தவிர்த்துவிடுகின்றன.

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் கல்லேன் பொக்குடன் (1937–2015) என்னும் எளிய உழவுத் தொழிலாளி 1989 தொட்டுத் தம் கைகளால் கண்டல் கன்றுகளை நட்டு வளர்த்தார். கண்டற்காடுகளுக்கிடையே கழிந்த தம் வாழ்வை அவர் நூலாகவும் தந்தார். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒருவரின் உழைப்பே கேரளத்தில் கண்டல் என்னும் சொல்லைப் பொதுமக்களின் அக்கறைக்குரியதாக்கிற்று. அதே மாவட்டத்தில் பாப்பினிசேரியில் கண்டல் பூங்கா என்னும் பெயரில் தொடங்கப்பட்ட சூழல் சுற்றுலா முயற்சி, கடற்கரை ஒழுங்காற்று விதிகளுக்கு மாறானது என 2010இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தால் மூடப்பட வேண்டியதாயிற்று. பெயரில் கண்டல் இருந்தமையால் மட்டும் பூங்கா கண்டலுக்குக் காப்பாகிவிடவில்லை.

விதியும் திட்டமும்

1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை அலையாத்திக் காடுகளை முதல் வகுப்பில் வைத்துப் புதுக்கட்டுமானங்களைக் கடுமையாக வரையறுத்தது. 1998இல் மத்திய சுற்றுலாத் துறை சூழல் சுற்றுலாவிற்கெனக் கொள்கையும் வழிகாட்டு நெறிகளும் வெளியிட்டது. 2011ஆம் ஆண்டு அறிவிக்கை ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட காட்டைச் சுற்றி 50 மீட்டர் இடைப்பட்டையை விதித்தது. 2019ஆம் ஆண்டு அறிவிக்கை கண்டல் நடைபாதை, மரக்குடில், இயற்கை நடைவழி ஆகியவற்றை, ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டத்தில் அவை இடம்பெற்றிருக்க வேண்டும் என்னும் வரையறையுடன் இசைவு செய்தது. காடு முழுவதும் தடை என்னும் நிலையிலிருந்து, வரைபடத்தில் குறித்த இடங்களில் மட்டும் இசைவு என்னும் நிலைக்கு விதி நகர்ந்துள்ளது. ஆகவே வரைபடத்தை யார் வரைகிறார், எதனை அதில் குறிக்கிறார் என்பதே இனி முதன்மையான வினா. தமிழ்நாடு அரசு 2017இல் வெளியிட்ட சூழல் சுற்றுலாக் கொள்கை உள்ளூர் மக்களின் பங்கேற்பைப் பேசுகிறது; அப்பங்கேற்பு நுழைவுச்சீட்டு விற்கும் பணியளவில் நின்றுவிடும் வாய்ப்பும் உண்டு.

தாங்குதிறன் என்பது பெரும்பாலும் ஒரு நாளில் எத்தனை படகுகள் என்னும் எண்ணாகவே கணக்கிடப்படுகிறது. அலையாத்திக் காட்டில் இவ்வெண் ஓதத்தைப் பொறுத்து மாறுவது. வற்றத்தின்போது குறுகிய ஓடையில் நுழையும் படகின் துடுப்பு சேற்றையும் இளவேர்களையும் தாக்கும். விசைப்படகின் அலை கரையை அரிக்கும். இறால் ஒதுங்கும் பருவத்தில் பயணியர் படகு இருளரின் ஒரு நாள் உணவைக் கலைத்துவிடும். நாட்காட்டிக்கு மாறாக ஓத அட்டவணையை அடிப்படையாகக் கொண்டு ஓடைகளைத் திறப்பதும் மூடுவதும் நடைமுறையில் இயலாததன்று. அதற்கான அறிவு துடுப்பு வலிப்போரிடமும் இறால் தடவுவோரிடமும் ஏற்கெனவே உள்ளது. அவர்களைக் கூலிக்கு அமர்த்துவதோடு நில்லாமல் திட்டக்குழுவில் அமர்த்துவதே தேவை.

பிச்சாவரம் 2022இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அறிவிக்கப்பட்ட பரப்பு 1,478.64 எக்டேர். மீன்முள் வாய்க்கால்களும் அவற்றால் மீண்ட காடும் இவ்வெல்லைக்குள் உள்ளன. இவ்வாய்க்கால்கள் ஒருமுறை வெட்டி விட்டுவிடக் கூடியவை அல்ல. ஓதம் சேற்றைக் கொணர்ந்து நிரப்பும். தூர் வாராவிடில் தொட்டி நிலத்தில் உவர்நீர் மீண்டும் தேங்கும். தூர் வாரும் செலவு திட்டக்காலம் முடிந்தபின் எவர் பொறுப்பு என்பது தொடக்கத்திலிருந்தே தெளிவில்லாத ஒன்று. படகுக் கட்டணத்தின் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கி, அப்பணியை வாய்க்கால் வெட்டிய அதே சிற்றூர்களுக்கு வழங்கினால், முன்திரையைக் காண வரும் பயணியின் பணம் அவர் கண்ணுக்குத் தெரியாத உட்காட்டைச் சென்றடையும்.